நெல்லும் வலையும் பள்ளிக்கூடமும்: கல்முனைக்குடிக் கரையோரத்தில் உழைப்பும் கல்வியும்

2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 பேண்தகு அபிவிருத்தி இலக்குகளில் எட்டாவது இலக்கு, கண்ணியமான வேலையையும் பொருளாதார வளர்ச்சியையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. கண்ணியமான வேலை என்பது 1999இல் சர்வதேச தொழில் அமைப்பின் பணிப்பாளர் நாயகமாக இருந்த யுவான் சொமாவியா முன்வைத்த கருத்தாகும். உழைப்புக்கு ஈடான வருமானம், வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, நோயிலும் முதுமையிலும் கைவிடப்படாத நிலை, தன் வேலையைப் பற்றித் தானே பேசித் தீர்மானிக்கும் உரிமை ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஒரு வேலை கண்ணியமானதாகும் என்பது அதன் சாரம். பேண்தகு வளர்ச்சி என்பது அடுத்த தலைமுறைக்குரிய மண்ணையும் நீரையும் மீனையும் இன்றே தின்று தீர்த்துவிடாத வளர்ச்சியைக் குறிக்கும். இவ்விரண்டையும் மாணவருக்கு விளங்கவைக்கும் பொறுப்பு இன்று இலங்கைப் பாடசாலைகளுக்கும் உண்டு. எனினும், அம்பாறைக் கரையோரத்தின் கல்முனைக்குடி போன்றதோர் ஊரில் இப்பாடத்தை வெளியுலகிலிருந்து வந்திறங்கிய புதுக்கருத்தாகக் கற்பித்தால் அது மாணவர் மனதில் வேர்கொள்ளாது; ஏனெனில் வயலிலும் கடலிலும் யார் உழைப்பது, யார் பங்கு பெறுவது, யார் பேசுவது என்ற கேள்விகளுக்கு இக்கரையோரம் தலைமுறை தலைமுறையாகத் தன் வழமைகளின் வழியே விடை சொல்லி வந்திருக்கிறது; பள்ளிக்கூடத்தையும் உழைப்பையும் இணைக்கும் முயற்சிகளையும் அது 1942இலும் 1972இலும் கண்டிருக்கிறது.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில் கல்முனைக்குடி அமைந்திருக்கிறது. வடக்கே கல்முனை நகரும் பாண்டிருப்பும் மருதமுனையும், தெற்கே சாய்ந்தமருதும் காரைதீவும், மேற்கே சம்மாந்துறை வரை விரியும் நெல்வயல்களும் இதன் சுற்றாடல். பழைய நிர்வாகப் பிரிவின்படி இது கரைவாகுப்பற்றைச் சேர்ந்தது. பற்று என்பது பல ஊர்களை உள்ளடக்கிய வருவாய்ப் பிரிவு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் இக்கரையோரத்தில், மொழியும் வேளாண்மை முறையும் தாய்வழிக் குடி வழமையும் இரு சமூகத்தாருக்கும் பெருமளவு பொதுவானவை.

அக்குடி வழமையைப் புரிந்துகொள்ளாமல் இவ்வூரின் உழைப்பைப் புரிந்துகொள்ள இயலாது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் எனப்படும் பிரதிநிதி இருந்தார். திருமணத்தின்போது வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாக எழுதப்பட்டன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தார். ஆகவே ஒரு தந்தையின் வாழ்நாள் உழைப்பின் அளவுகோல், எத்தனை பெண்மக்களுக்கு அவர் வீடு கட்டிக் கொடுத்தார் என்பதாகவே இருந்தது. மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மறுகோடியில் அடுத்தவளுக்கு வீடெழுப்பிய வழக்கமே, ஒடுங்கிய இம்மணற்பட்டியில் குடியிருப்பு இத்துணை நெருக்கமாக அமைந்ததற்கு ஒரு முதன்மைக் காரணம் எனலாம். இங்கே ஒரு தொழிலாளியின் கூலி அன்றாடச் சோறாக மட்டுமன்றி, ஒரு வீட்டின் பகுதியாகவும் எண்ணப்பட்டது.

உழைப்பின் ஆண்டுச் சுழற்சியைப் பருவக்காற்று வகுத்தது. ஒக்ரோபர், நவம்பரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை கடலைக் கொந்தளிக்கச் செய்யும்போது பெரும்போக வேளாண்மைக்கு நீர் தரும். மார்ச்சுக்குப் பின் கடல் அமைதியுறும்போது அறுவடை முடிந்த கைகள் வலைக்குத் திரும்பலாம். வேளாண்மை என்ற சொல்லை இப்பகுதி மக்கள் நெற்பயிருக்கே வழங்குவர். வேளாண்மை வெட்டு என்றால் நெல் அறுவடை. வயலும் கடலும் ஒன்று ஓயும்போது மற்றொன்று கைகொடுக்கும் இந்த ஏற்பாடு, நிலமில்லாத குடும்பங்களை ஆண்டின் இரு பாதியிலும் தாங்கியது. இடையில் மிஞ்சிய நேரத்தைப் பெண்கள் பன்பாய் இழைப்பதிலும், மருதமுனையில் கைத்தறி நெசவிலும், தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிப்பதிலும் செலவிட்டனர். பாய் இழைத்த கைகளுக்குரிய வருமானம் குடும்ப வருமானத்தோடு கலந்து மறைந்துவிட்டதால், அவ்வுழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடைக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் ஒரு பெருங்குறை.

வயல் உழைப்பு மூன்று படிகளாக அமைந்திருந்தது. பெருநில உடைமையாளரைப் போடியார் என்றனர். அவர் சார்பில் குறித்த வயற்பரப்பைப் பொறுப்பேற்று, ஆள் சேர்த்து, விதைப்பு முதல் சூடு மிதிப்பு வரை நடத்துபவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழே வயற்காரர். போகம் முடியும்வரை அரிசியும் கைச்செலவும் போடியாரிடமிருந்து முன்பணமாக வரும்; அறுவடையின்பின் களவெட்டியில், அதாவது சூடு மிதித்து நெல்லைத் தூற்றும் களத்தில், அம்முன்பணமும் அதன் மேலதிகமும் கழிக்கப்பட்டு எஞ்சிய நெல் உழைத்தவருக்கு அளந்து கொடுக்கப்படும். அளக்கும் முன்னரே ஏழைகளுக்குரிய சக்காத்தும், ஊரின் ஒஸ்தாவுக்கும் வண்ணாருக்கும் உரிய பங்குகளும் ஒதுக்கப்படும். ஒஸ்தா என்பவர் முடிதிருத்துபவரும் சுன்னத்துச் செய்பவருமான ஊர்ச் சேவையாளர். விளைச்சலின் ஒரு பகுதி விளைவிக்காதவருக்கும் உரியது என்ற கொள்கை இங்கே சட்டமாக அன்றிக் கடமையாக நின்றது. இன்று சமூகப் பாதுகாப்பு என்று பாடநூல்கள் சொல்வதன் பழைய வடிவம் அது. ஆயினும் அதைப் பொற்காலமாகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பானது. வெள்ளமோ வறட்சியோ வந்த போகத்தில் முன்பணம் கடனாக மாறியது. கடன் அடுத்த போகத்துக்கும் அதே போடியாரிடம் ஆளைக் கட்டிவைத்தது. கடன் தீரும்வரை வேறிடம் செல்லும் சுதந்திரம் வயற்காரருக்கு இருக்கவில்லை.

பேசும் உரிமை எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பதையும் நோக்கவேண்டும். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், வயல்வெளிகளில் வழங்கிவந்த பழைய நீர்ப்பங்கீட்டு வழமைகளுக்குச் சட்ட வலுவளித்தது. அக்காலத்திலேயே கிழக்கின் இறக்காமம், அம்பாறைக் குளங்களும் திருத்தப்பட்டன. வட்டை எனப்படும் ஒவ்வொரு வயற்பிரிவின் நீரையும் கண்காணிக்க வட்டவிதானை என்ற அலுவலர் இருந்தார். விதைப்பது எந்நாள், நீர் திறப்பது எந்நாள், கால்நடையை அப்புறப்படுத்துவது எந்நாள் என்பவற்றைப் போகத் தொடக்கத்தில் கமக்காரர் கூடித் தீர்மானித்தனர். ஆரம்பக் கூட்டம் என்ற பெயரில் இன்றும் தொடரும் இவ்வழமை, சர்வதேச தொழில் அமைப்பு சமூக உரையாடல் என்று பெயரிட்டுப் போற்றும் நடைமுறைக்கு மிக நெருங்கியது. அக்கூட்டத்தில் வயலுடையவருக்குக் குரல் இருந்தது, அவர் சார்பில் முல்லைக்காரருக்கும் ஓரளவு குரல் இருந்தது. சேற்றில் இறங்கிய வயற்காரருக்கு இல்லை. கண்ணியமான வேலையைப் பற்றிய ஒரு வகுப்பில் மாணவர் ஆராயத்தக்க மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இவ்வேறுபாடே.

கடற்கரையில் நிலைமை சற்று வேறானது. கரைவலை என்பது தோணியில் கொண்டுசென்று கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் இழுக்கும் பெருவலை. வலையும் தோணியும் முதலாளிக்குரியவை. இழுப்பவர் கூலி பெறுவதில்லை, பங்கு பெறுவர். செலவு கழித்து எஞ்சியதில் வலைக்கும் தோணிக்கும் ஒரு பங்கும், உழைத்தவருக்கு ஒரு பங்கும் செல்ல, அப்பங்கு ஆளுக்கு ஆள் அவரவர் வேலைக்கேற்பப் பிரிக்கப்படும். மீன் பட்ட நாளில் எல்லாரும் சிரிப்பர், படாத நாளில் எல்லாரும் வெறுங்கையோடு திரும்புவர்; நட்டத்தில் பங்கு கொள்ளும் இவ்வேற்பாட்டில் முதலாளிக்கும் ஆளுக்கும் இடையே ஒரு வகைச் சமத்துவம் இருந்ததெனினும், பட்டினியைத் தாங்கும் வலிமை இருவருக்கும் சமமாக இருக்கவில்லை. கடற்கரையின் குறித்த பகுதியில் வலை வளைக்கும் உரிமையைப் பாடு என்பர். ஒரே பாட்டில் பலருக்கு உரிமையிருந்தால் முறைவைத்து வலை வளைப்பர். கண்டவர் கண்டபடி கடலை அரித்தெடுக்காமல் தடுத்ததில் இம்முறைக்குப் பெரும் பங்குண்டு. ஓடாவி எனப்படும் தச்சர் தோணி கட்டுவதும், வாடி எனப்படும் கடற்கரைக் கொட்டில்களில் மீன் கருவாடாவதும் இத்தொழிலோடு இணைந்தவை. கடற்பயணிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் அமைந்த கடற்கரைப் பள்ளிவாசலும் அதன் கொடியேற்றமும், இவ்வூர் மக்களின் வாழ்வில் கடல் எத்துணை ஆழமாகக் கலந்திருக்கிறது என்பதைக் காட்டுவன.

இவ்வுழைப்புலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நெடுங்காலம் தொடர்பிருக்கவில்லை. முஸ்லிம் பிள்ளைகள் லெப்பைமாரிடம் குர்ஆன் ஓதினர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழும் வழக்கில் இருந்தது. ஆங்கிலக் கல்வி 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த, கத்தோலிக்க மிசனரிமார் வழியாகவே கல்முனைக்கு வந்தது. மதம் மாறிவிடுவர் என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோரில் பெரும்பாலோர் பிள்ளைகளை அங்கே அனுப்பத் தயங்கினர். 1892இல் காரைதீவில் பிறந்து பின்னாளில் சுவாமி விபுலாநந்தராக அறியப்பட்டவர் கல்முனையின் மெதடிஸ்தப் பாடசாலையில் பயின்றே மேற்கல்விக்குச் சென்றார். அதே வாய்ப்பு அடுத்த ஊரின் முஸ்லிம் பிள்ளைக்கு எட்டாமற் போனதற்குத் தொலைவு காரணமன்று. அச்சமும் வறுமையுமே காரணங்கள்.

இந்நிலையில்தான் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 மார்ச்சில் யப்பானியப் படைகள் ரங்கூனைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. ஏப்பிரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. சோற்றுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த அரசாங்கம் நெல் விளையும் மாவட்டங்களை நோக்கித் திரும்பி, உணவு உற்பத்தியைப் பெருக்கக் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரியை, அதாவது அரசாங்க நிர்வாக அலுவலகத்தை, திறந்தது. அதன் பொறுப்பில் உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர், 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ். அவருக்கிடப்பட்ட பணி இன்றைய மொழியில் சொன்னால் பொருளாதார வளர்ச்சி: காட்டைத் திருத்து, நிலத்தை வழங்கு, நெல்லைப் பெருக்கு. அப்பணியை அவர் ஊக்கத்தோடு செய்தார். அத்துடன் நின்றுவிடாமல், அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் என்ற அமைப்பையும் தோற்றுவித்தார். திறமையிருந்தும் வசதியற்ற பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது அதன் நோக்கம். விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு இக்கல்விப் பணிக்கு உரமூட்டிற்று. கல்முனையில் முளைத்த இவ்வெண்ணமே 1945இல் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவிய வடிவம் பெற்றது. 1948இல் அவர் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார்.

நெல்லைப் பெருக்க வந்த ஓர் அதிகாரி கல்விச் சங்கம் அமைத்தது தற்செயலான நிகழ்வு அன்று. விளைச்சல் கூடினாலும் முன்பணக் கணக்கை வாசிக்கத் தெரியாத வயற்காரருக்கு அதன் பயன் சேராது என்பதைக் கச்சேரியில் இருந்து பார்த்த எவரும் உணர்ந்திருப்பர். 1944இல் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேச தொழில் மாநாடு உழைப்பு ஒரு சரக்கன்று என்று பிரகடனம் செய்தது. அதற்கு முன்னரே கல்முனையில் ஓர் அதிகாரி வளர்ச்சியையும் மனித உயர்வையும் ஒருசேரத் தன் அலுவலகத்தின் பணியாக்கியிருந்தார் என்பது இக்கரையோர மாணவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய செய்தி. அதே வேளை, அச்சங்கம் திறந்த வழி வயலிலிருந்து வெளியேறும் வழியாக இருந்ததேயன்றி, வயலின் உழைப்பை உயர்த்தும் வழியாக இருக்கவில்லை என்பதும் மறுக்க இயலாதது. உதவி பெற்ற பிள்ளை ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மருத்துவராகவும் உயர்ந்தது. முல்லைக்காரரின் கணக்குப் புத்தகம் மாறவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கல்விப் பெருக்கம், நெற்பெருக்கம் ஆகிய இரு போக்குகளும் வேகம்பெற்றன. அப்போதைய கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. 1949இல் கல்முனைக்குடியின் பிள்ளைகளுக்கு அருகிலேயே கல்முனை ஸாஹிராக் கல்லூரி எழுந்தது. அதே 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. மக்கள் பட்டிப்பளையாறு என்று அறிந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருநீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. அதனால் கரையோர வயல்கள் சிறுபோகத்துக்கும் நீர் பெற்றன. மழையை மட்டும் நம்பிய காலம் மாறியது. ஆனால் ஆற்றின் கடைநிலத்தில் பயிரிட்டவருக்கு இப்போது நீர், தலைநிலத்தில் இருந்தவரின் விருப்பத்தையும் பொறியியலாளரின் அட்டவணையையும் பொறுத்ததாயிற்று. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்களில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளைஞர்களை அனுப்பிக் கமக்காரர் அமைப்புகளை உருவாக்கியபோது, தலைநிலத்தார் தாமாகவே முறைவைத்துக் கடைநிலத்தாருக்கு நீர்விட முன்வந்தனர். கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் விரிவாக எழுதியதால் உலகப் புகழ்பெற்ற இந்நிகழ்வு, தான் பயிலும் ஊரின் வாய்க்காலோடு தொடர்புடையது என்பதை அறியாமலே கல்முனைப் பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேறிவிடுகிறது.

நிலவுறவில் அரசு தலையிட்ட இரண்டு சட்டங்களையும் இங்கே குறிக்கவேண்டும். விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்கு நிலத்தில் பாதுகாப்பளித்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராக வரையறுத்தது. போடியாரின் காலம் இவற்றோடு தேயத் தொடங்கியது. கூலிக்கு உழைத்த வயற்காரரைப் பொறுத்தவரை இரண்டு சட்டமும் அதிகம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தையும் உழைப்பையும் இணைக்கும் இரண்டாவது பெருமுயற்சி 1972இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் ஏப்பிரலில், படித்துவிட்டு வேலையின்றி இருந்த கிராமப்புற இளைஞர் நாட்டின் தெற்கில் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கினர். அவ்வாண்டு அரசின் அழைப்பின்பேரில் பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பின் குழுவொன்று வந்து ஆராய்ந்தது. இலங்கையின் வேலையின்மை வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அன்று, பாடசாலை ஊட்டும் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உண்மையில் கிடைக்கும் வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மை என்பது அக்குழுவின் முடிவு. உடலுழைப்புக்கும் மேசை உத்தியோகத்துக்கும் இடையே வருமானத்திலும் மதிப்பிலும் இருந்த பெரும் இடைவெளியைக் குறைக்காமல் இப்பொருத்தமின்மை தீராது என்றும் அது சுட்டியது.

அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கல்முனையின் மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரையே தாங்குகிறது. அவரது சீர்திருத்தம் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலில் நடைபெறும் தொழிலொன்றை எடுத்து, அதன் மூலப்பொருள், கருவி, செய்முறை, கணக்கு, சந்தை, அதில் உழைப்பவரின் வாழ்க்கை ஆகிய அனைத்தையும் மாணவருக்குக் கற்பிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஆணும் பெண்ணும், மருத்துவராக விரும்புபவரும் கடலுக்குச் செல்லவிருப்பவரும் ஒரே வகுப்பில் ஒரே தொழிலைக் கற்பர். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும், 1930களில் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் நடந்த கிராமியக் கல்வி முயற்சியும் இதற்கு முன்னோடிகள். 1975இல் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்ற புதிய தேர்வும் நடைமுறைக்கு வந்தது.

கரைவலையும் கைத்தறியும் பன்வேலையும் நெல்லும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருந்த கல்முனைக் கரையோரத்தைப் போல் இப்பாடத்துக்குப் பொருந்திய இடம் நாட்டில் அரிது. மருதமுனைத் தறியில் ஓடும் நூலின் விலையைக் கணிதமாகவும், களவெட்டிப் பங்கீட்டை வரலாறாகவும், பாடு முறையைக் குடியியலாகவும் கற்பித்திருக்க முடியும். ஆனால் அத்திட்டம் ஐந்தாண்டுக்கு மேல் நிற்கவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை, கருவிகளுக்குப் பணம் போதவில்லை. இவை இரண்டாம் நிலைக் காரணங்களே. வலை இழுத்துக் கையுரிந்த தந்தை, தன் மகனை அவ்வலையிலிருந்து விடுவிப்பதற்காகவே பாடசாலைக்கு அனுப்பினார். பாடசாலையும் வலையையே காட்டியபோது, ஏழையின் பிள்ளையை ஏழையின் தொழிலிலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடாக அவர் அதைக் கண்டார். அவர் கண்டதில் நியாயம் இருந்தது. சீயர்ஸ் குழு சொன்ன இரு பாதிகளில் பாடத்திட்டத்தை மாற்றும் பாதியை மட்டுமே அரசு கையிலெடுத்தது. உழைப்பின் வருமானத்தையும் பாதுகாப்பையும் உயர்த்தும் மறுபாதி அப்படியே கிடந்தது. அரசாங்க ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு, கடற்றொழிலாளிக்கு இல்லை என்றிருக்கும்வரை, தொழிலின் மதிப்பைப் பற்றிய எந்தப் பாடமும் பெற்றோரை நம்பவைக்க முடியாது. அதே அமைச்சரின் காலத்தில் கிழக்கு முஸ்லிம் ஊர்களில் ஆசிரிய நியமனங்கள் பெருகியதும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு பல்கலைக்கழகக் கதவை அம்பாறை மாணவருக்குச் சற்று அகலத் திறந்ததும், உத்தியோகத்தை நோக்கிய அந்த ஓட்டத்தை மேலும் விரைவுபடுத்தின. யாழ்ப்பாணத் தமிழ் மாணவருக்கு அவ்வொதுக்கீடு பேரிழப்பாக அமைந்தது என்பதையும் இதனுடன் சேர்த்தே நினைவுகூரவேண்டும்.

1977இன் ஆட்சி மாற்றம் பழைய சாதாரண தரத் தேர்வை மீட்டெடுத்து, தொழில்முன்னிலைப் பாடங்களை அகற்றியது. புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதால், இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில் செழித்த கைத்தறி, மலிவான வெளிநாட்டுத் துணிகளோடு போட்டியிட நேர்ந்தது. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் தென்னைகளைச் சாய்த்தது. பின்னர் வந்த உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் மேற்கே இருந்த வயல்களுக்குச் செல்வதும் இரவில் கடலுக்குச் செல்வதும் உயிராபத்தாயின. அண்டை ஊர்களாக வாழ்ந்த இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை உருவானது. இவையெல்லாம் சேர்ந்து ஆண்களையும் பெண்களையும் வளைகுடா நாடுகளுக்கு அனுப்பின. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் நிலவிய கபாலா முறை, தொழிலாளியின் வதிவிட உரிமையை வேலை கொடுப்பவரின் பொறுப்பில் வைத்தது. அவர் அனுமதியின்றி வேலை மாற முடியாதிருந்தது. முன்பணக் கடனால் போடியாரிடம் கட்டுண்ட வயற்காரரின் பேரனும் பேத்தியும், முகவருக்குக் கொடுத்த கடனோடு அதேபோன்ற கட்டுக்குள் மற்றொரு நாட்டில் நுழைந்தனர். அங்கிருந்து வந்த பணமும் பெண்மக்களின் வீடாகவே எழுந்தது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் தொகை 10,000ஐத் தாண்டியது. நெருக்கமாகக் கட்டப்பட்ட மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கடற்கரை வளவுகள் துடைத்தெடுக்கப்பட்டன. தோணியும் வலையும் தறியும் ஒரு காலைப்பொழுதில் மறைந்தபோது, இக்கரையோரத்தின் உழைப்பு எவ்விதப் பாதுகாப்புமின்றி நடந்துகொண்டிருந்தது என்பது வெளிப்பட்டது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் சம்பளம் பெறுபவரை மட்டுமே காத்தது. 1987இல் கமக்காரருக்கும் 1990இல் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. ஆனால் சந்தா கட்டிச் சேர்ந்தவருக்கே அவை உதவின. ஆண்டில் பாதிநாள் வருமானமில்லாத பங்காளிக்குச் சந்தா கட்டுவதே சுமை. நிவாரணமாகப் படகுகள் வந்தன. படகுடையவர் எனப் பதிவில் இருந்தவருக்குப் படகு கிடைத்தது, அதில் ஏறி உழைத்தவர் இழந்தது எதுவென்று சொல்லப் பதிவேட்டில் வரியே இருக்கவில்லை.

வளர்ச்சி பேண்தகுமா என்ற கேள்விக்கும் அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இதே கரையோரத்தின் ஒலுவிலில் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. கரையோர நீரோட்டம் சுமந்துவரும் மணலைத் துறைமுகத்தின் அலைதடுப்புகள் மறித்தன. மணல் ஒருபுறம் குவிந்து துறைமுக வாயிலை அடைத்தது, மறுபுறம் நிந்தவூர் வரை கரை அரிக்கப்பட்டது. தென்னந்தோப்பும் கரைவலைப் பாடும் கடலுக்குள் போயின. வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்று கட்டிய ஒன்று ஏற்கனவே இருந்த வேலையை அழிக்கக்கூடும் என்பதை, எந்த அயல்நாட்டு எடுத்துக்காட்டையும்விடத் தெளிவாக இக்கடற்கரை காட்டுகிறது.

இன்றைய பாடத்திட்டத்தில் 1972இன் எச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன. 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம்வரை செயன்முறை தொழினுட்பத் திறன்கள் என்ற பாடமும், சாதாரண தரத்தில் நீரியல் உயிரினவளத் தொழினுட்பவியல் என்ற தெரிவுப் பாடமும், குடியியற் கல்வியும் உண்டு. மீனின் வகையை ஒன்று கற்பிக்கிறது, கருவியின் பயனை மற்றொன்று கற்பிக்கிறது, உரிமையை மூன்றாவது கற்பிக்கிறது. ஒரு கரைவலையில் இம்மூன்றும் ஒன்றாகச் சந்திக்கின்றன என்பதை எப்பாடமும் சொல்வதில்லை. சட்டங்களோ முன்னேறியிருக்கின்றன: 2016இல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்டது, 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16 ஆனது. கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடையில் சேரும் பதினெட்டு வயது இளைஞருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரத்தையும் விடுமுறையையும் உறுதிசெய்கிறது. சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்தவேண்டும். இக்கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே செய்து பழகியவர் தம் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவராக வேலைக்குச் செல்வார்.

அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்துவிட்டு வலைக்குச் செல்பவருக்கு இச்சட்டங்களில் எதுவும் பொருந்துவதில்லை; அவர் சம்பளக்காரர் அல்லர், பங்காளி. சர்வதேச தொழில் அமைப்பு 2007இல் நிறைவேற்ற, 2017இல் நடைமுறைக்கு வந்த மீன்பிடி வேலை பற்றிய 188ஆம் இலக்கச் சமவாயம், பிடிபட்ட மீனில் பங்கு பெறுபவரையும் தொழிலாளியாகவே ஏற்று, அவருக்கு எழுத்திலான உடன்படிக்கையும் மருத்துவப் பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் வரையறை மீன்பிடிக் கலத்தில் ஏறி உழைப்பவரோடு நிற்கிறது. அவ்வரையறையின்படி, கரைவலையில் தோணியேறி வலை வளைப்பவர் மீன்பிடித் தொழிலாளி. அதே வலையின் கயிற்றை மணலில் நின்று இழுப்பவர் அதற்கு வெளியே நிற்கிறார்.